தெற்குத் திட்டு

கடலைப் பற்றி ஒரு கவிதைத் தொகுப்பும் ஒரு நாவலும் எழுதியவருக்குப் படகில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். துறைமுகத்தில் இது ஊரறிந்த விஷயம். அவருக்குப் புலவர் என்று பெயர் வைத்தவர்களும் துறைமுகத்து ஆட்கள்தான். அதில் மரியாதை கால் பங்கு, கிண்டல் முக்கால் பங்கு. இளவயதில் ஆசைப்பட்டுக் கடலுக்குப் போய், போன ஒவ்வொரு முறையும் படகின் அடியில் சுருண்டு கிடந்து திரும்பினார். அப்பா தலையில் அடித்துக்கொண்டு, நாலெழுத்து தெரிந்த பிள்ளை கரையிலேயே பிழைக்கட்டும் என்று மீனவர் சங்கத்தின் வயர்லெஸ் அறையில் கொண்டுபோய் உட்கார வைத்தார். அன்று உட்கார்ந்தவர்தான்.

அந்த அறை ஏலக் கொட்டகைக்கு மேலே இருந்தது. ஒரு மேசை, ஒரு மைக், பெட்டி மாதிரி ஒரு ஸ்பீக்கர், சுவரில் மடிப்பு கிழிந்த கடல் வரைபடம். ஜன்னல் கம்பியைத் தொட்டால் துரு கையில் ஒட்டிக்கொள்ளும். கீழே ஏலம் விடுகிறவரின் தொண்டை, ஐஸ் உடைக்கிற மிஷின், தள்ளுவண்டிச் சக்கரம் எல்லாம் தரை வழியாக மேலே ஏறி வரும். காலையில் காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் மைக்கில் படிக்க வேண்டும். பிறகு படகுகள் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. கடலில் வலையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்குக் கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. மாமியார் சண்டை, பல் வலி, பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டது, கல்யாணத்துக்கு முந்தைய காதல், எல்லாம் அந்த ஸ்பீக்கரில் வந்து கொட்டும். புலவர் காதை அவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கையால் எழுதிக்கொண்டிருப்பார். அவருடைய நாவலில் பாதி அப்படி வந்தது.

மீதிப் பாதி வீட்டில் கிடைத்தது. மாடியில் அவரும், தையல் மிஷினை விட்டு எழுந்திருக்காத அவர் மனைவியும். கீழே தம்பியும் தம்பி மனைவியும். தம்பிக்குச் சொந்தமாக ஒரு சின்ன ஃபைபர் படகு உண்டு. யார் படகிலாவது ஏறினால்கூடப் பின்னால் போய்ச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு விடமாட்டான் என்பதால் அவனைச் சுக்கான் என்றார்கள். தம்பி மனைவிக்குத் துறைமுகத்து இறால் கொட்டகையில் உரிக்கிற வேலை. கை போகிற வேகத்துக்கு வாயும் போகும். வாயாடி என்று பெயர் வாங்கியிருந்தாள். அதை அவள் ஏதோ பல்கலைக்கழகம் கொடுத்த பட்டம் மாதிரி தலை நிமிர்ந்து ஏற்றுக்கொண்டாள்.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எல்லாப் படகும் ஒரே அலைவரிசையில் பேசுவதால், மீன் கிடைக்கிற இடத்தை எவனும் மைக்கில் உள்ளபடி சொல்லமாட்டான். வடக்கே நிற்கிறவன் தெற்கே நிற்பதாகச் சொல்வான். கேட்கிறவனும் அதைத் திருப்பிப் போட்டுத்தான் புரிந்துகொள்வான். இதில் யாருக்கும் யார் மேலும் வருத்தம் கிடையாது. வயர்லெஸ் அறையில் இருக்கிற புலவருக்கு யார் சொல்வதை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது அத்துப்படி. தம்பி சொல்வதை முழுசாகத் திருப்ப வேண்டும். இந்தக் கலையில் அவன் மற்றவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டவன்.

ஒருமுறை, புலவர் வேலைக்குப் போகாத ஒரு நாளில், அவன் படகில் எஞ்சின் நின்றுபோனது. இழுத்து வர ஆள் கேட்டான். கேட்டவன், வலையில் மீன் ஏறிக்கொண்டிருக்கிறதே என்று இடத்தை மாற்றிச் சொல்லிவிட்டான். உதவிக்குப் போன படகு வெறும் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி வந்தது. இவன் நிதானமாக வலையை இழுத்து முடித்துவிட்டு, பிறகுதான் தான் நிற்கிற இடத்தைச் சொன்னான். போன படகுக்காரர் மைக்கில் திட்டிய திட்டில் ஸ்பீக்கர் கூசிப்போயிருக்கும். அன்று சாயங்காலம் கீழ்வீட்டு வாசலில் வாயாடி மீன் கழுவிக்கொண்டே புருஷனைப் பற்றி ஒன்று சொன்னாள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவள் சொன்னதிலிருந்து புலவர் மாடிக்கு எடுத்துக்கொண்டு ஓடியது இது: கடலோடி மூழ்கும்போதுகூட இடத்தை மாற்றித்தான் சொல்லுவான்.

நாவல் வந்தபோது எல்லோரும் பிடித்துக்கொண்டது அந்த ஒரு வரியைத்தான். கூட்டங்களில் அதைச் சொல்லாமல் யாரும் பேச்சை முடிக்கவில்லை. புலவர் நேர்மையான மனிதர். முன்னுரையிலேயே எழுதியிருந்தார், இந்த நாவலின் மிகச் சிறந்த வரி என்னுடையதல்ல, என் தம்பி மனைவி சொன்னது என்று. பிறகு அந்த நாவலைக் கல்லூரியில் பாடமாக வைத்தார்கள். துறைமுகத்துப் பெண் பிள்ளை ஒருத்தி முன்னுரையை இறால் கொட்டகையில் சத்தமாகப் படித்துக் காட்ட, வாயாடியைக் கையில் பிடிக்க முடியவில்லை. பஸ் கண்டக்டரிடம்கூட, "கல்லூரியில என்னோட வரியைப் படிக்கிறாங்க தெரியுமா?" என்றாள். புத்தகத்தை மட்டும் அவள் படிக்கவில்லை. அவ்வளவு பெரிய புத்தகத்தை யார் படிப்பது, அதுதான் முன்னுரையிலேயே என்னைப் பற்றி இருக்கிறதே என்று விட்டுவிட்டாள்.

காற்றே இல்லாத ஒரு காலையில் அந்த அழைப்பு வந்தது. கூடப் போக வேண்டியவன் காய்ச்சல் என்று படுத்துவிட்டதால் தம்பி தனியாகப் போயிருந்தான்.

"அண்ணே, தெற்குத் திட்டுக்கிட்ட நிக்கிறேன். அடியில விரிசல் விட்டு தண்ணி ஏறுது. யாரையாவது அனுப்பிவிடு."

தெற்குத் திட்டு என்பது கடலுக்கடியில் இருக்கும் பாறை மேடு. வடக்கே அதைப் போலவே இன்னொன்று. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதென்றால் பாதிப் பொழுது போய்விடும். புலவர் மைக்கை எடுத்துப் பதில் சொல்வதற்குள் தம்பியின் பக்கம் கரகரவென்று இரைந்து அடங்கியது. வேறொரு படகிலிருந்து ஒருவன் சிரித்தான். "தெற்கா? அப்ப வடக்கேதான். வலை நிறைய மீன், செம பாடு போல இருக்கு." இன்னும் சிலர் சிரித்தார்கள். சங்கச் செயலாளர் மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்தார்.

"உங்க தம்பி. நீங்கதான் சொல்லணும். எங்க அனுப்ப?"

"வடக்கே அனுப்புங்க," என்றார் புலவர். சொல்லும்போது அவர் முகத்திலும் ஒரு சிரிப்பு இருந்தது.

போன படகுகள் வடக்கே துழாவின. ஒன்றுமில்லை என்று தெரிந்து தெற்கே திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தெற்குத் திட்டில், அவன் சொன்ன அதே இடத்தில், படகின் மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது. அவன் மறுநாள் கரை ஒதுங்கினான்.

யாரும் புலவரைக் குறை சொல்லவில்லை. அதுதான் பெரிய கொடுமை. ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்களும் அதையேதான் சொல்லியிருப்போம். நீங்க எழுதினதுதானே," என்றார்கள். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தார்கள். புலவர் தலையை ஆட்டினார். அழுகை வரவில்லை. வருத்தம்கூட வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சாப்பாட்டைத் தட்டில் வைத்தால் சாப்பிட்டார், எடுத்துவிட்டால் கை கழுவினார். காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போனார்; காற்றின் வேகம் படித்தார், அலையின் உயரம் படித்தார். ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, தம்பியைப் பற்றி ஒரு கவிதை எழுதித் தரும்படி கேட்டார். இந்த மாதிரி நேரத்தில் வருகிற கவிதை தனி என்றும் சொன்னார். பார்க்கலாம் என்று புலவர் போனை வைத்தார். தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டால், அது தாளாகவே இருந்தது. மரத்துப்போனவருக்குத் தான் மரத்துப்போயிருப்பதுகூட உறைக்கவில்லை. மனைவிதான் சொன்னாள்.

"மனுசன்னா ஒரு நாளாவது அழணும். இப்படிக் கட்டை மாதிரி உக்காந்திருந்தா எனக்குப் பயமா இருக்கு."

"வரலையே. என்ன பண்ணச் சொல்ற?"

அவள் மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? புலவரை விட்டுவிட்டு அது வாயாடியைப் பிடித்துக்கொண்டது. முன்னுரையில் அச்சடித்துத்தான் இருக்கிறதே, யார் சொன்ன வரி என்று. கட்டின புருஷனைப் பார்த்து மூழ்கும்போதுகூட என்று சொல்லலாமா, சொன்னாள், பலித்துவிட்டது, கருநாக்கு என்றார்கள். முதலில் காதோடு காதாகச் சொன்னார்கள், பிறகு அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். இறால் கொட்டகையில் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் ஸ்டூலை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். கடலுக்குக் கிளம்பிய ஒரு படகுக்காரர், இவள் எதிரே வந்து "கிளம்பிட்டீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டதற்கு, எஞ்சினை நிறுத்திவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனார். மேஸ்திரி நல்லவர்தான், ஆனால் ஆள் குறைந்தால் அவர் தலைதானே உருளும். அவளைக் குளிர் அறைக் கதவோரம் இருந்த கடைசி மேசைக்கு மாற்றினார். அங்கே பேச ஆளில்லை, கை விறைக்கும்.

வாயாடி பேசுவதை நிறுத்திவிட்டாள். கீழ்வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. புலவரைப் படியில் பார்த்தால் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டாள். தன் வாய்தான் புருஷனைத் தின்றுவிட்டது என்று அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். இதைப் புலவரின் மனைவியிடம் ஒருநாள் சொல்லியும் விட்டாள். சாப்பாடு குறைந்தது. ஆள் பாதியாகிப்போனாள். இப்படியே போனால் தம்பிக்குப் பின்னால் இவளும் போய்விடுவாள் என்பது புலவருக்குத் தெரிந்தது. கணக்கு தெரிவது போலத் தெரிந்தது. மனதில் எதுவும் அசையவில்லை. ஆனாலும் ஏதாவது செய்தாக வேண்டும்.

அந்த நேரத்தில்தான் பதிப்பாளர் போன் செய்தார். புதிய பதிப்பு போடப் போகிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள் என்றார். முன்னுரையை மாற்றி எழுதித் தருகிறேன் என்றார் புலவர். உட்கார்ந்து எழுதினார். அந்த வரி முழுக்க முழுக்க என் கற்பனை. என் தம்பி மனைவி அப்படி எதுவும் சொன்னதில்லை. சென்ற பதிப்பில் விளையாட்டுக்காக அவர் பெயரில் போட்டேன்.

மனைவி அதைப் படித்துவிட்டு ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்தாள்.

"அவகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவா."

"அவளுக்குன்னு இருக்கிறது அந்த ஒரு வரிதான். சந்தோஷமா இருந்தப்ப அதை வச்சுத்தான் சந்தோஷமா இருந்தா. அதையும் புடுங்கப் போறீங்களா?"

"அதை வச்சுக்கிட்டு அவ சாகப் போறா. பரவாயில்லையா?"

புலவர் முன்னுரையை அனுப்பிவிட்டார்.

புத்தகம் வந்தது. துறைமுகத்தில் யார் காசு கொடுத்து வாங்கிப் படிக்கப் போகிறார்கள்? அதனால் டீ நேரம் பார்த்து அவரே இறால் கொட்டகைக்குப் போனார். அத்தனை வருடத்தில் அங்கே அவர் எதையும் படித்துக் காட்டியதில்லை. கேட்டால் சிரிப்பார்கள் என்ற பயம் எப்போதும் உண்டு. ஈரத் தரையில், இறால் ஓட்டுக் குவியலுக்குப் பக்கத்தில், வழுக்காமல் காலை அகட்டி நின்றுகொண்டு படித்தார். மைக்கில் படித்துப் பழகிய குரல், கொட்டகையின் மூலை வரை போனது. முன்னுரையைப் படித்தார். பிறகு பக்கத்தைத் திருப்பி அந்த வரியையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். கடலோடி மூழ்கும்போதுகூட, இடத்தை மாற்றித்தான், சொல்லுவான். "இது நான் எழுதினது. அவ சொன்னதில்ல. அவ மேல பழி போடாதீங்க," என்றார். பெண்கள் கையில் டீ கிளாஸோடு அப்படியே நின்றார்கள். கடைசி மேசையில் வாயாடி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அந்த வரியைச் சொல்லிப் பார்ப்பது போல அவள் உதடு அசைந்தது.

ஊருக்குக் கருநாக்கு ஒன்று வேண்டும். அது யார் வாயில் இருந்தால் என்ன? கொஞ்ச நாளிலேயே சங்கச் செயலாளர் மாடி ஏறி வந்தார். நாற்காலியில் உட்காராமல் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேல யாருக்கும் கோவமில்ல. ஆனா தினமும் காலையில கடலுக்குப் போகும்போது மொதல்ல காதுல விழுறது உங்க குரல். பசங்க சங்கடப்படுறாங்க."

"புரியுது."

"கீழ ஐஸ் டோக்கன் ஜன்னல் காலியா இருக்கு. அங்க வாயைத் திறக்கிற வேலையே இல்ல."

"சரி."

புலவர் மைக்கைத் துணியால் துடைத்து அதன் இடத்தில் வைத்துவிட்டு, கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உட்கார்ந்த நாற்காலி. திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

ஐஸ் டோக்கன் அறை என்பது அறைகூட இல்லை. தகரத் தடுப்பு, அதில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. ஐஸ் வாங்கக் கையை நீட்டுகிறவனுக்கு டோக்கனைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். புலவருக்கு அது ஒத்துப்போனது. முகம் தெரியாது, கை மட்டும் தெரியும். எழுத்து மொத்தமாக நின்றுபோயிருந்தது, அதற்காகவும் அவர் கவலைப்படவில்லை.

கொட்டகைச் செய்தி மனைவி மூலமாக வந்தது. வாயாடியை மறுபடி நடு மேசைக்கு மாற்றிவிட்டார்கள். பக்கத்து ஸ்டூல்கள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. மேஸ்திரியின் புது மீசையைப் பார்த்து அவள் ஏதோ சொல்ல, மேசையே சிரித்ததாம். ஒரு சாயங்காலம் கீழ்வீட்டில் அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது மாடிக்குக் கேட்டது. வேலை முடிந்தது என்று புலவர் நினைத்துக்கொண்டார். அவரிடம் மட்டும் அவள் இன்னும் பேசவில்லை. வரியைப் புடுங்கியதில் கோபமாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். இருக்கட்டும், ஆள் பிழைத்தாளே.

ஒரு காலையில் ஓட்டை வழியே நீண்டது ஆண் கை இல்லை. இறால் உரித்து நகக்கண்ணெல்லாம் வெந்துபோன கை. புலவர் குனிந்து பார்த்தார்.

"டோக்கனுக்கு வரல. ஒண்ணு கேக்கணும் மாமா," என்றாள் தம்பி மனைவி. அவளுக்குப் பின்னால் அப்போது யாருமில்லை.

"கேளும்மா."

"அந்த வரி நான் சொன்னதுதானே?"

"இல்ல. நான் எழுதினது. அதான் கொட்டகையில வந்து படிச்சேனே."

"நான் மீன் கழுவிக்கிட்டிருந்தேன். அவரு படியில உக்காந்திருந்தாரு. நீங்க கதவுகிட்ட நின்னீங்க."

"எனக்கு ஞாபகமில்லம்மா."

"எனக்காகப் பொய் சொல்றீங்கன்னு தெரியும். என் தலையில இருந்த பழியைத் தூக்கி மாமா தன் தலையில வச்சுக்கிட்டாருன்னு மாடியில அக்காகிட்ட சொல்லி அழுதேன். ஆனா வேற ஒண்ணு இருக்கு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "புத்தகத்தை நான் எங்க படிச்சேன்? ஊர்ல எல்லாரும் அந்த வரியைச் சொல்லும்போது, பாதியோட நிறுத்திக்கிறாங்கன்னு நெனச்சேன். நீங்க அன்னைக்கு நிறுத்தி நிறுத்திப் படிச்சப்பதான் காதுல விழுந்துச்சு. புத்தகத்துலயே பாதிதான் இருக்கு."

புலவர் ஓட்டைக்கு இன்னும் கிட்டே குனிந்தார்.

"மூழ்கும்போதுகூட இவரு இடத்தை மாத்தித்தான் சொல்லுவாரு, ஆனா மைக்குல அண்ணன் இருந்தா உள்ளதைச் சொல்லிடுவாருன்னு சொன்னேன். அதைக் கேட்டுத்தான் அவரு சிரிச்சாரு. கோவமே படல."

புலவருக்கு ஞாபகம் வந்தது. மாடிக்கு ஓடிப் போய் முதலில் எழுதியபோது இரண்டு பாதியும் இருந்தன. மறுநாள் படித்துப் பார்த்தபோது வரி நீளமாக இருப்பதாகத் தோன்றியது. பின்பாதி அண்ணன் தம்பி விஷயம், படிக்கிறவனுக்கு எதற்கு. முதல் பாதியோடு விட்டால் நறுக்கென்று இருக்கும். அடித்தார். அடித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்து, நல்ல வேலை செய்தோம் என்று ஒரு டீ போட்டுக் குடித்தார். அதற்குப் பிறகு அந்தப் பின்பாதியை அவர் ஒருமுறைகூட நினைத்ததில்லை. தம்பி கூப்பிட்ட அன்று காலையிலும் அவர் மனதில் இருந்தது அச்சில் வந்த பாதிதான்.

"இத்தனை நாளா நான்தான் அவரைக் கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டுக் கிடந்தேன்," என்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. தூங்கி எழுந்த முகம் மாதிரி தெளிவாக இருந்தது. "நான் சொன்னது சரியாத்தான் இருந்திருக்கு மாமா. நீங்க கொட்டகையில சொன்னதும் பொய்யில்ல. புத்தகத்துல இருக்கிறது உங்க வரிதான்."

கொட்டகையில் மணி அடித்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலைக்குப் போனாள். ஓட்டையில் வேறொரு கை நீண்டு டோக்கன் கேட்டது. புலவர் டோக்கன் கட்டைக் கையில் எடுத்தார். தம்பி செத்த பிறகு முதல் தடவையாக அவருக்கு அழுகை வந்தது. தகரத் தடுப்புக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள், உள்ளே யார் இப்படி அழுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.